நிலம் கட்டிய வீடுகள்: இங்கிலாந்தின் கன்ட்ரி ஹவுஸ் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆங்கிலத் தொடர் பார்த்துவிட்டு வருகிற நண்பர்கள் அதில் வரும் அந்தப் பெரிய வீட்டை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ஒருவர் அரண்மனை என்பார். இன்னொருவர் கோட்டை என்பார். கொஞ்சம் விவரமானவர், ‘நம்ம ஊர் ஜமீன் பங்களா மாதிரி’ என்பார். ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கிராமத்து வீடு’ என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். அந்தக் கிராமத்து வீட்டில் நூறு அறைகள் இருந்தன!

இவற்றில் உண்மைக்குக் கிட்டே வருவது ஜமீன் பங்களாதான். அதுவும் பாதி தூரம்தான் வரும். மீதித் தூரத்தைக் கடக்கக் கட்டடக்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, குத்தகைக் கணக்கு புரிந்தால் போதும்.

## பெயரை நம்ப வேண்டாம்

இங்கிலாந்தில் ‘பேலஸ்’ என்ற சொல் பொதுவாக அரசருக்கும் ஆயருக்கும் உரியது. எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் அவர் வீடு ‘ஹவுஸ்’தான். இதற்கு விதிவிலக்கு ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள பிளென்ஹைம் பேலஸ். 1704இல் பிளென்ஹைம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்த மார்ல்பரோ பிரபுவுக்கு நாட்டின் பரிசாகக் கட்டத் தொடங்கியது அது.

‘காஸில்’ என்று பெயரில் இருந்தால் கோட்டையா? யார்க்ஷயரில் உள்ள காஸில் ஹவர்டு ஒருநாளும் கோட்டையாக இருந்ததில்லை. 1699இல், பீரங்கிகளைப் பற்றிய கவலையே இல்லாமல், குவிமாடமும் பெரிய ஜன்னல்களுமாகத் திட்டமிட்ட வீடு அது. ‘அபி’ என்று முடிந்தால் துறவிகள் இருக்கும் மடமா? ஒரு காலத்தில் ஆமாம். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை நாட்டிலிருந்த சுமார் 800 மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களைப் பறித்தார். அதில் பெரும் பகுதியை அரசவைக்காரர்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். வோபர்ன் அபி என்று இன்று வழங்கும் வீட்டின் பெயரில் மட்டும் மடம் மிச்சமிருக்கிறது. ஹால், பார்க், கோர்ட் என்ற வால்களும் வெறும் பெயர்கள்தான். சாட்ஸ்வொர்த் வீட்டுக்காரர் டெவன்ஷயர் பிரபு. வீடு இருப்பதோ டெர்பிஷயரில்!

அப்புறம் ‘பண்ணை வீடு’. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறுக்கு மட்டும் திறக்கிற வீடு நம் மனதில் வந்துவிடுகிறது. இங்கே விஷயம் அப்படியே தலைகீழ். பிரபுவுக்குச் சொந்த ஊர் அந்தக் கிராமப்புற வீடுதான். லண்டனில் இருந்ததுதான் தங்கிப் போகிற வீடு. தொகுதியில் பரம்பரை வீடும் டெல்லியில் குடியிருப்பும் வைத்திருக்கும் எம்.பி.யை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றம் நடக்கும் மாதங்களில் லண்டன், கோடை முற்றியதும் ஊர் திரும்பி வேட்டை, விருந்து, கணக்கு வழக்கு.

## வீடு என்பது தலைமை அலுவலகம்

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் எஸ்டேட் என்பது ஒரு குடும்பத்தின் மொத்த நிலச் சொத்து. வயல்கள், மேய்ச்சல் நிலம், காடு, கல்குவாரி, அதிர்ஷ்டம் இருந்தால் நிலக்கரிச் சுரங்கம், சில வேளை முழுக் கிராமங்கள். சில குடும்பங்களுக்கு இது பல்லாயிரம் ஏக்கர்.

பிரபு ஏர் பிடித்ததில்லை, விதைப்பைத் தானே நடத்தியதும் அபூர்வம். நிலத்தைப் பெரிய பெரிய பண்ணைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார். குத்தகைதாரர் கூலியாட்களை வைத்துப் பயிர் செய்தார். மார்ச் 25, செப்டம்பர் 29 என்ற இரண்டு நாட்கள் பாக்கி தீர்க்கும் நாட்களாக வழக்கத்தில் இருந்தன. நம் ஊர்க் காரியஸ்தர் போல ஒருவர் உட்கார்ந்து பணத்தை எண்ணி வாங்கிப் பேரேட்டில் ஏற்றினார்.

வந்த பணத்தில் ஒரு பங்கு கல்லும் கண்ணாடியுமாக நிமிர்ந்தது. அது வீண் செலவா என்றால் முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. வாக்குச்சீட்டு ரகசியமானது 1872இல்தான். அதுவரை யாருக்கு ஓட்டு என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். நிலக்காரரின் கண் எதிரே அவர் விருப்பத்துக்கு மாறாகக் குத்தகைதாரர் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? வீடு எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரத்துக்கு அதன் நிழல் விழுந்தது. இங்கிலாந்தின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போல், நார்ஃபக்கில் 1722இல் கட்டத் தொடங்கிய ஹௌட்டன் ஹாலுக்கு ஆட்களை அழைத்து விருந்து வைத்தே அரசியல் நடத்தினார்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நிலம் குத்தகையைக் கொடுத்தது, குத்தகை வீட்டைக் கட்டியது, வீடு செல்வாக்கைச் சேர்த்தது. அந்தச் செல்வாக்கு நல்ல சம்பந்தத்தையும் பதவியையும் கொண்டுவந்தது. அவை மேலும் நிலத்தைக் கொண்டுவந்தன.

## ஹார்ட்விக் ஹாலுக்குள் ஒரு நடை

வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை நன்றாகப் பார்த்தால் போதும். எனக்குப் பிடித்தது டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால். எம்1 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு மேட்டின்மேல் தெரியும்.

கட்டியவர் ஒரு பெண். பெஸ் என்று அழைக்கப்பட்ட எலிசபெத், சுமாரான குடும்பத்தில் பிறந்து, நான்கு திருமணம் செய்து, ஒவ்வொரு கணவருக்குப் பின்னும் கொஞ்சம் உயர்ந்து, முதல் எலிசபெத் அரசியின் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பணக்காரிகளில் ஒருவரானவர். 1590இல் வேலையைத் தொடங்கினார். 1597இல் குடிபுகுந்தபோது அவருக்கு எழுபது வயது இருக்கும். கூரைக்கு மேல் எழும் கோபுரங்களின் விளிம்பில் கல்லில் செதுக்கிய ‘இ’, ‘எஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற அவரது பெயரின் முதலெழுத்துகள். கல்யாண மண்டப முகப்பில் பெயர் போடுகிற ஆசை எங்கும் உண்டு போல.

வெளியே நின்று ஜன்னல்களைப் பாருங்கள். தரைத் தளத்தில் சுமாரான உயரம், அடுத்த தளத்தில் கூடுதல், உச்சித் தளத்தில் எல்லாவற்றையும்விட உயரம். கண்ணாடி விலை மிகுந்த காலத்தில், ‘ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று ஊரார் சொல்லடை கட்டும் அளவுக்குக் கண்ணாடி. இந்த உயர வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கீழே வேலையாட்கள், நடுவில் பெஸ் வாழும் அறைகள், மேலே அரசியோ அரசிக்குச் சமமானவரோ வந்தால் தங்க வைக்கும் அறைகள். அரச விருந்தினருக்கென்று ஒதுக்கிய இந்த அலங்கார அறைகளுக்கு ஸ்டேட் ரூம் என்று பெயர். அரசி ஹார்ட்விக்குக்கு வரவே இல்லை என்பது வேறு கதை.

கதவைத் திறந்ததும் வருவது ஹால். இடைக்காலத்தில் ஹால்தான் வீடே. பிரபு முதல் குதிரைக்காரன் வரை அங்கேதான் சாப்பாடு. பிரபுவுக்கு ஒரு மேடை, மற்றவர்களுக்கு நீள மேசைகள், பலருக்கு இரவுப் படுக்கையும் அங்கேதான். காலம் போகப்போக பிரபுவின் குடும்பம் கூட்டத்திலிருந்து விலகித் தனி அறைக்குப் போனது. அப்படி விலகிப் போகிற அறை ‘வித்ட்ராயிங் ரூம்’. அதன் தலை தேய்ந்து ‘டிராயிங் ரூம்’ ஆனது. ஓவியம் வரையும் அறை என்று சின்ன வயதில் நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஹாலிலிருந்து அகலமான கல் படிக்கட்டு வளைந்து வளைந்து உச்சித் தளத்துக்கு ஏறுகிறது. அங்கே லாங் கேலரி. வீட்டின் நீளத்துக்கு ஓடும், ஒருபுறம் முழுக்க ஜன்னல் வைத்த நீண்ட அறை. ஹார்ட்விக்கில் அது சுமார் 50 மீட்டர். மழை நாளில் வெளியே போக முடியாதபோது உலாவவும், முன்னோர் படங்களை மாட்டி வந்தவருக்குக் காட்டவும் பயன்பட்டது. எதிர்ச்சுவர் முழுக்கக் கம்பளியில் நெய்த 13 பெரிய திரைச்சீலைகள். ஓர் அரசவைக்காரரின் வாரிசிடமிருந்து பெஸ் விலைக்கு வாங்கியவை. அவற்றில் பழைய சொந்தக்காரரின் குலச் சின்னம் இருந்ததால் அதை மாற்றும் செலவுக்கென்று 5 பவுண்டு குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறார். பழைய சின்னத்தில் இருந்த பெண்மானுக்குக் கொம்பு வரைந்து பெஸ் குடும்பச் சின்னத்துக் கலைமானாக ஆக்கிக்கொண்டார்கள். கையிலிருந்த காசுக்கு அந்த நாளில் அவருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பேரம் பேரம்தான்.

அடுத்த நூறாண்டில் இன்னொரு ஏற்பாடு வேரூன்றியது. பெரிய அறைகளை வரிசையாக வைத்து, எல்லாக் கதவுகளும் ஒரே கோட்டில் வருமாறு அமைப்பது. பிரெஞ்சுக்காரர்களிடம் கற்ற இதற்கு ஆன்ஃபிலேட் என்று பெயர். செட்டிநாட்டு வீட்டு வாசலில் நின்றால் பின்கட்டு வரை கண் ஓடுமே, அதுபோல. திண்ணையோடு நிற்பவர் யார், முகப்பு வரை வருபவர் யார், உள்ளே வளவு வரை போகலாம் என்பவர் யார் என்று நம் வீடுகளிலும் ஒரு சொல்லாத விதி இருந்தது. அங்கேயும் அதே விதிதான். முதல் அறை எல்லோருக்கும், அடுத்தது சிலருக்கு, கடைசிச் சிற்றறை நெருக்கமானவர்களுக்கு மட்டும். எத்தனை கதவு தாண்டினாய் என்பதே உன் தகுதி.

18ஆம் நூற்றாண்டில் முகப்பு மாறியது. பணக்கார இளைஞர்கள் இத்தாலிக்குப் போய்ப் பழைய ரோமானியக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பல்லாடியோ என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக்கலைஞர் அவர்களுக்கு வேதமானார். முன்னால் தூண் வரிசை, மேலே முக்கோண முகடு, இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்று. டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் ஹால் இதற்கு நல்ல உதாரணம். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலுக்குக் கட்டிய மாளிகை, இன்று மேற்கு வங்க ஆளுநர் இருப்பது, இந்த வீட்டைப் பார்த்துக் கட்டியதுதான். நூறாண்டு கழித்து வைஸ்ராயாக அங்கே குடிபோன கர்சன் பிறந்தது கெடில்ஸ்டனில்!

விக்டோரியா காலத்தில் எல்லாப் பாணியும் கலந்துவிட்டது. அதை இங்கே விட்டுவிடலாம்.

## பின் படிக்கட்டு

முன் படிக்கட்டில் விருந்தினர் ஏறும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குறுகிய பின் படிக்கட்டில் யாரோ நிலக்கரி வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பெரிய வீடுகளை இப்படி இரண்டு வீடுகளாகவே கட்டினார்கள். ஒன்று கண்ணில் படுவது. மற்றொன்று அதை இயக்குவது.

தீப்பிடிக்கும் பயத்தாலும் வாசனை வரக் கூடாதென்றும் சமையற்கட்டைத் தள்ளி வைத்தார்கள். சஸ்ஸெக்ஸின் பெட்வொர்த்தில் சமையற்கட்டு எதிரே தனிக் கட்டடம். தரைக்கடியில் சுரங்க வழியாகத்தான் சாப்பாடு வரும். சூடாக வந்ததா என்று கேட்காதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் கூப்பிடு மணி. ஒவ்வோர் அறையிலிருந்தும் சுவருக்குள் கம்பி ஓடி, வேலையாட்கள் பகுதியில் வரிசையாகத் தொங்கும் மணிகளில் ஒன்றை இழுக்கும். மணி சுருள்வில்லின் நுனியில் தொங்குவதால் ஓசை நின்ற பிறகும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருக்கும். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர் எந்த மணி ஆடுகிறது என்று பார்த்து எந்த அறை என்று தெரிந்துகொள்வார். மொபைலில் வரும் மிஸ்டு கால் போலத்தான்.

## வேலி தெரியாத புல்வெளி

வீட்டைச் சுற்றியிருக்கும் பசும்புல் மேடுகளும் தனியாக நிற்கும் ஓக் மரங்களும் வளைந்து கிடக்கும் ஏரியும் இயற்கை என்றே பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் கூலிக்கு வெட்டிய மண் அது. இந்தக் கலையில் பெரிய பெயர் லான்சலாட் பிரவுன். 1716இல் பிறந்து, தோட்ட வேலைக்காரராகத் தொடங்கியவர். எந்த இடத்தைப் பார்த்தாலும் இதில் நல்ல ‘கேபபிலிட்டி’ இருக்கிறது என்று சொல்வாராம், அதனால் கேபபிலிட்டி பிரவுன் என்றே பெயர் நிலைத்தது. பிளென்ஹைமில் ஆற்றை அணை கட்டித் தேக்கி ஏரியாக்கியவர் அவர்தான்.

வரவேற்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியும் அதற்கப்பால் மேயும் மாடுகளும் தெரியும். நடுவில் வேலி இருக்காது. ஆனால் மாடு ஒருபோதும் வீட்டுப் பக்கம் வராது. ரகசியம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுப் பக்கம் செங்குத்தான சுவர், மேய்ச்சல் பக்கம் சரிவு. மாடு சரிவில் இறங்கினாலும் சுவரில் ஏற முடியாது. வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளமே தெரியாது. இதற்குப் பெயர் ஹா-ஹா. கிட்டே போனதும் திடுக்கிட்டு ‘ஹா!’ என்று கத்துவதால் வந்த பெயர் என்பார்கள்.

காட்சிக்குக் குறுக்கே ஒரு கிராமமே இருந்தால்? அதையும் அகற்றினார்கள். டார்செட்டில் மில்டன் பிரபு தன் வீட்டருகே இருந்த சந்தை ஊரையே 1770களில் இடித்துவிட்டு, கண்ணுக்குப் படாத பள்ளத்தாக்கில் ஓலைக் கூரை வீடுகளை இரு வரிசையாகக் கட்டிக் குடிகளை மாற்றினார். மில்டன் அபாஸ் என்ற அந்தக் கிராமத்தின் படம் இன்று காலண்டர்களில் வருகிறது. எவ்வளவு அழகு என்று சொல்வதற்கு முன் அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

## குத்தகைப் பணம் மட்டும்தானா?

எல்லா வீட்டையும் உள்ளூர்க் கோதுமை கட்டவில்லை. யார்க்ஷயரின் ஹேர்வுட் ஹவுஸ் 1759இல் தொடங்கியது. கட்டிய லாசல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலிருந்தும் அடிமை உழைப்பிலிருந்தும் வந்தது.

இன்னொரு ஊற்று நம் கடற்கரையில் இருந்தது. இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை அங்கே ‘நேபாப்’ என்று கேலியாக அழைத்தார்கள், நவாப் என்ற சொல்லின் திரிபு. 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட் இங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தை 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். அதே ஆண்டு கார்ன்வாலில் போகனாக் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அவர் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரதமர்கள் ஆனார்கள். இன்னொருவர் ராபர்ட் பாக். டெவன் பகுதி விவசாயி மகன், பாதிரியாராக இந்தியா வந்து, வியாபாரத்தில் இறங்கி, 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்தவர். நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். ஊர் திரும்பி எக்ஸிட்டர் நகருக்கு அருகே ஹால்டன் ஹவுஸ் என்ற பெரிய வீட்டை வாங்கினார்.

இவர்கள் பணத்தை வட்டிக்கு விடாமல் ஏன் நிலமும் வீடுமாக மாற்றினார்கள் என்பது இப்போது புரியும். மரியாதை அங்கேதான் இருந்தது.

## உடையாமல் நின்றது எப்படி?

நம் ஊரில் பெரிய பண்ணைகள் மூன்று தலைமுறையில் பாகப்பிரிவினையில் துண்டு துண்டாகிவிடும். அங்கே அப்படி ஆகாததற்கு முதல் காரணம் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கம். இளையவர்களுக்குக் கொஞ்சம் பணம்; அப்புறம் ராணுவம், திருச்சபை, இல்லையென்றால் கம்பெனி வேலைக்குக் கப்பல்.

ஆனால் அந்த மூத்த மகன் சூதாடியாக இருந்துவிட்டால்? அதற்குத்தான் ஸ்ட்ரிக்ட் செட்டில்மென்ட் என்ற பத்திரம். நம் பழைய உயில்களில் ‘ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விக்கிரயம் அடமானம் செய்ய உரிமையில்லை’ என்று ஒரு வரி வருமே, அதேதான். பிரபு தன் சொத்துக்கே ஆயுள்கால அனுபவதாரர். மகன் வயதுக்கு வந்ததும் அப்பாவும் மகனும் உட்கார்ந்து இதே கட்டுப்பாட்டைப் பேரன் வரைக்கும் புதுப்பித்து எழுதுவார்கள். 17ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எஸ்டேட்டுகளைக் கட்டிக் காத்தது.

ஆக, குத்தகை வீட்டைக் கட்டியது, பத்திரம் அதைக் காத்தது. இரண்டும் ஆட்டம் கண்டபோது என்ன நடந்தது என்பதுதான் மிச்சக் கதை.

## இடிந்தது எப்படி?

1870களின் இறுதியில் அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை, ரயிலும் நீராவிக் கப்பலும் ஏறி மலிவாக வந்து இறங்கியது. இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் கோதுமை விலை ஏறத்தாழ பாதியாயிற்று. குத்தகையும் கூடவே சரிந்தது. கட்டுப்பட்ட நிலத்தையும் விற்கலாம் என்று 1882இல் சட்டம் வழிவிட்டது. 1894இல் எஸ்டேட் டியூட்டி வந்தது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பில் அரசு எடுக்கும் வரி. தொடக்கத்தில் உச்ச அளவு 8 சதவீதம். 1919இல் 40. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 80.

80 சதவீதம் என்றால் என்ன என்பதைச் சாட்ஸ்வொர்த்தில் பார்க்கலாம். பத்தாவது டெவன்ஷயர் பிரபு வரியைத் தவிர்க்கச் சொத்தை முன்கூட்டியே மகன் பக்கம் மாற்றியிருந்தார். மாற்றிய பின் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தால் வரி கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதங்களே இருக்கும்போது, திடீரென இறந்துபோனார். குடும்பம் நிலங்களை விற்றது. ரெம்பிராண்ட், ஹோல்பைன் படைப்புகள் வரிக்கு ஈடாகப் போயின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹாலும் போனது. அவர் வழித்தோன்றல்கள்தான் இந்தப் பிரபுக்கள். சாட்ஸ்வொர்த் தப்பியது.

தப்பாதவை ஏராளம். கூரை ஒழுகும், வேலைக்கு ஆள் கிடையாது, போர்க்காலத்தில் தங்கிய ராணுவம் பாழாக்கிவிட்டுப் போயிருக்கும். இடிக்கிற காண்டிராக்டர் ஈயக் கூரைக்கும் ஓக் மரத்துக்கும் நல்ல விலை சொல்வார். 20ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய வீடுகள் இப்படி மறைந்தன. 1955இல் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒன்று.

மிஞ்சியவற்றில் பலவற்றை 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. நார்ஃபக்கின் பிளிக்ளிங் ஹால் 1940இல் இப்படி அதன் கைக்கு வந்தது. ஹார்ட்விக் 1959இல். வேறு சிலர் டிக்கெட் போட்டார்கள். லாங்லீட் வீட்டுக்காரர் 1949இல் கதவைத் திறந்தார். அதுவும் போதாமல் 1966இல் புல்வெளியில் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார். கேபபிலிட்டி பிரவுன் வடிவமைத்த பூங்காவில் சிங்கம்! ஆனால் வீடு நிற்கிறது.

பாக் வாங்கிய ஹால்டன் ஹவுஸ் நிற்கவில்லை. வாரிசுகள் கடனில் மூழ்கி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது கைமாறியது. 1920களில் நடுக்கட்டடத்தை இடித்துப் பொருளாக விற்றார்கள். பக்கத்துக் குன்றின்மேல், சென்னையில் தன்னோடு இருந்த தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் நினைவாகப் பாக் 1788இல் எழுப்பிய முக்கோணக் கோபுரம் இன்னும் இருக்கிறது. படியேறி மேலே போனால் டெவன் பகுதி வெகுதூரத்துக்குத் தெரியும். உள்ளே ரோமானியத் தளபதி உடையில் லாரன்ஸ் நிற்கிறார்.